ஸ்பாட் வெல்டிங் ரோபோ நின்றால் எங்கிருந்து பார்ப்பது?

கார் பாடி ஷாப்பில், அதாவது தகடுகளை ஒட்டிக் காரின் உடலை உருவாக்கும் பகுதியில், ரோபோ நின்றதும் முதலில் நடப்பது, யாராவது ஓடிப்போய் ரீசெட் பொத்தானை அமுக்குவதுதான். அலாரம் மறையும், லைன் ஓடும், கொஞ்ச நேரத்தில் அதே ரோபோ அதே இடத்தில் மறுபடி நிற்கும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் பக்கம் பாடி ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சுற்று நன்றாகத் தெரியும். நைட் ஷிப்டில் மூத்தவர்கள் பக்கத்தில் இல்லாதபோது, புதிதாக வந்த டெக்னீசியன் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பேசப்போவது ஸ்பாட் வெல்டிங் ரோபோவைப் பற்றித்தான். ஸ்பாட் என்பது, தகடுகளை இரண்டு பக்கமும் அழுத்தி, கரண்ட் பாய்ச்சி, உருக்கி ஒட்டும் புள்ளி. ஒரு காரின் உடலில் சில ஆயிரம் ஸ்பாட் இருக்கும். பாடி ஷாப் ரோபோக்களில் பெரும்பகுதி இந்த வேலையைத்தான் செய்கின்றன, அதிகம் நிற்பதும் இவைதான். ஒவ்வோர் அறிகுறிக்கும் கீழே காரணங்களை, செலவு குறைந்ததில் தொடங்கிச் செலவு கூடியதை நோக்கிப் போகும் வரிசையில் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். ஒரு கேப் (வெல்டிங் கன்னின் நுனியில் மாட்டும் செம்புத் தொப்பி) மாற்றினால் தீர்ந்திருக்கும் பழுதுக்கு டிரான்ஸ்பார்மரைக் கழற்றுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

## ரீசெட் அமுக்கும் முன்

மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அலாரம் எண், புரோகிராமில் எந்த வரி அல்லது எந்த ஸ்பாட், அப்போது கை எந்த நிலையில் நீட்டியிருந்தது. கேமரா போன் அனுமதிக்காத ஆலைகளில் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு போதும். திரையில் கடைசியாகத் தெரியும் அலாரத்தை நம்ப வேண்டாம். ஒன்று டிரிப் ஆனால் அதன் பின்னால் பத்து அலாரம் வரிசையாக வரும். அலாரம் ஹிஸ்டரிக்குப் போய், நின்ற நேரத்தில் முதலில் வந்தது எது என்று பாருங்கள்.

இந்த மூன்று குறிப்பும் சேரச்சேரப் பழுதின் வடிவம் தெரிய ஆரம்பிக்கும். ஒரே ஸ்பாட்டிலா, ஒரே ரோபோவிலா, ஸ்டேஷன் முழுக்கவா, ஒரே மாடல் காரிலா? கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

## வேலிக்குள் போகும் முன்

பூட்டு, டேக், உங்கள் பெயர். கதவுச் சாவியோ பிளக்கோ உங்கள் கையில் இருக்க வேண்டும். 1981-ல் ஜப்பானின் அகாஷி நகரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் கெஞ்சி உராடா என்ற ஊழியர், பழுதான ரோபோவைப் பார்க்க அதை முழுவதும் அணைக்காமல் உள்ளே போனார். ரோபோவின் கை தள்ளியதில் இறந்தார். பழுது பார்க்கப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். நின்றிருக்கும் ரோபோ பழுதால் நிற்கிறதா, ஒரு சிக்னலுக்காகக் காத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காத்திருக்கும் ரோபோ, நீங்கள் சென்சாரைத் துடைத்த நொடியில் கிளம்பும்.

ரோபோவை அசைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டீச் மோடில், அதாவது கையால் மெதுவாக இயக்கும் முறையில், மட்டும் செய்யுங்கள். அதில் வேகம் நொடிக்கு 250 மி.மீ.-ஐத் தாண்டாது. பெண்டன்ட்டின் (ரோபோவை இயக்கும் கைக்கருவி) பின்புற சுவிட்சை விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பெண்டன்ட் உள்ளே இருப்பவர் கையில் இருக்க வேண்டும். வெளியே நிற்பவர் அசைக்க, உள்ளே நிற்பவர் பார்க்க என்று பிரித்துக்கொள்ளாதீர்கள்.

காற்று லைனையும் மறக்க வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பிறகும் கிளாம்ப் சிலிண்டரில் காற்று நிற்கும். வால்வைத் திறந்து இறக்கிவிட்டுக் கையை வையுங்கள்.

## அறிகுறி: ஸ்பாட் ஒட்டவில்லை

தரத்துறையிலிருந்து வரும் பெரிய புகார் இதுதான். வெளியில் பார்த்தால் ஸ்பாட் அழகாக இருக்கும், உளியை நுழைத்தால் தகடு பிரிந்துவிடும். அதனால் கண்ணை நம்பாமல் உளிச் சோதனை செய்யுங்கள். தகட்டைப் பிரித்துப் பார்க்கும்போது உருகி ஒட்டிய பொத்தானின் விட்டத்தை அளக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் குறைந்தபட்ச அளவு, மெல்லிய தகட்டின் தடிமனுக்கு வர்க்கமூலம் எடுத்து 4-ஆல் பெருக்கினால் வருவது. 1 மி.மீ. தகட்டுக்கு 4 மி.மீ., 0.8 மி.மீ. தகட்டுக்கு ஏறக்குறைய 3.6 மி.மீ. உங்கள் ஆலையின் கன்ட்ரோல் பிளானில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுதான் கணக்கு.

### ஒரே ஒரு ஸ்பாட் மட்டும் ஒட்டவில்லை

வெல்டிங் கன் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில்தான் கோளாறு. மூன்றைப் பாருங்கள். முதலில், தகடுகளுக்கு இடையில் இடைவெளி. கிளாம்ப் முழுசாக மூடவில்லை என்றால் டிப் (தகட்டை அழுத்தும் கன்னின் நுனி) கொடுக்கும் விசை தகட்டை வளைப்பதிலேயே செலவாகிவிடும். ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். அடுத்து, பக்கத்து ஸ்பாட் மிக நெருக்கமாக இருக்கிறதா? ஏற்கெனவே ஒட்டிய ஸ்பாட் வழியாகக் கரண்ட் ஒழுகிவிடும். யாராவது சமீபத்தில் பொசிஷனைத் தொட்டிருந்தால் இது நடக்கும். கடைசியாக, கன்னின் கையோ ஷேங்க்கோ (கேப்பைத் தாங்கும் தண்டு) பேனல் விளிம்பிலோ பிக்சரிலோ (பேனலைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) உரசுகிறதா? உரசும் இடத்தில் கருகிய தழும்பு தெரியும்.

### அந்த ரோபோ போடும் ஸ்பாட் எல்லாமே பலவீனம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

கேப். புது கேப்பின் முகம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி வாங்கி வாங்கி அது 8 மி.மீ. ஆகப் பரந்துவிட்டால் பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதே கரண்ட் இப்போது அந்த அகலத்தில் சிதறுகிறது, உருகுவதற்கு வேண்டிய சூடு எழாது. துத்தநாகம் பூசிய தகட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். துத்தநாகம் செம்போடு கலந்து முகத்தை மஞ்சளாக்கிக் குழி விழச் செய்யும். ஒரு கார்பன் தாளை வெள்ளைத் தாளோடு சேர்த்து, கரண்ட் இல்லாமல் கன்னை மூடித் திறந்தால் முகத்தின் அச்சு கிடைக்கும். வட்டமாக, நடுவில், இரண்டு பக்கமும் நேர்நேராக இருக்க வேண்டும்.

டிரெஸ்ஸர். கேப்பின் முகத்தைச் சீவிப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் கருவி இது. கேப் மோசமாக இருந்தால் அதை மாற்றிவிட்டுப் போகாதீர்கள். டிரெஸ்ஸிங் நடந்தும் ஏன் மோசமானது என்று பாருங்கள். பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது செம்புச் சீவல் அடைத்திருக்கும். டிரெஸ்ஸ் செய்த கேப்பின் நடுவில் சின்ன மூக்கு போல நின்றால் பிளேடு போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்டெப்பர். பலரும் கோட்டை விடும் இடம் இது. கேப் தேயத் தேய, வெல்டிங் கன்ட்ரோலர் கரண்ட்டைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும். கேப் மாற்றியதும் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேப்பை மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்தால், தேய்ந்த கேப்புக்குப் புது கேப்பின் கரண்ட் போகும், ஸ்பாட் ஒட்டாது. கேப்பை மாற்றிவிட்டு ரீசெட் செய்ய மறந்தால், புது கேப்பில் தேய்ந்த கேப்பின் கரண்ட் பாய்ந்து பொறி பறக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆரம்பித்த புகார் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

விசை. ஃபோர்ஸ் கேஜை டிப்புகளுக்கு நடுவில் வைத்து அளங்கள். திரையில் தெரியும் எண்ணும் கேஜில் வரும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். காற்றில் இயங்கும் கன் என்றால் ரெகுலேட்டரையும் ஹோஸையும் பாருங்கள். மோட்டாரில் இயங்கும் சர்வோ கன் என்றால் டிப் தேய்மானக் கணக்கும், கேப் மாற்றியபின் செய்ய வேண்டிய பூஜ்யமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட். இதுவரை எல்லாம் சரி என்றால் தனியாக ஒரு வெல்டிங் கரண்ட் மீட்டர் கொண்டு வந்து, அதன் காயிலைக் கன்னின் கையைச் சுற்றிப் போட்டு அளங்கள். செட் செய்த அளவு வருகிறதா? வந்தால் மறுபடி கேப், விசை, இடைவெளி மூன்றுக்குமே திரும்பிப் போங்கள், ஏதோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள். வரவில்லை என்றால் டிரான்ஸ்பார்மருக்கும் கன்னுக்கும் நடுவிலுள்ள செம்புப் பட்டைகளைப் பாருங்கள். அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும், அல்லது போல்ட் தளர்ந்து இணைப்பு நிறம் மாறியிருக்கும். கழற்றி, முகத்தைச் சுத்தம் செய்து, சொன்ன டார்க்கில் முறுக்கினால் பெரும்பாலும் கரண்ட் திரும்பிவிடும்.

எப்போது கூப்பிட வேண்டும்: செம்புப் பட்டை நன்றாக இருந்தும் கரண்ட் வரவில்லை என்றால் மிச்சம் டிரான்ஸ்பார்மர், அதன் டயோடுகள், இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் மின்னழுத்தம் நிற்கும். மூடியில் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரம் முடிந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் பயிற்சி பெற்றவரே கை வைப்பார்.

## அறிகுறி: பொறி அதிகமாகப் பறக்கிறது

பொறி எப்போது பறக்கிறது என்று கவனியுங்கள். பாதுகாப்பான தூரத்தில் நின்று சில கார்களைப் பார்த்தாலே பிடிபடும்.

கரண்ட் பாய்ந்த உடனே பறந்தால் தொடுகைதான் சரியில்லை. தகடுகளுக்கு இடையில் இடைவெளி, விசை போதாமை, டிப் சாய்வாக உட்காருவது, இரண்டு டிப்பும் நேர்நேராக இல்லாதது, தகட்டின் விளிம்பில் ஸ்பாட் விழுவது ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். டிப் சாய்வாக உட்கார்ந்தால் ஸ்பாட்டின் தழும்பு பிறை வடிவில் ஒரு பக்கம் ஆழமாக இருக்கும்.

கடைசியில் பறந்தால் சூடு கூடிவிட்டது. மேலே சொன்ன ஸ்டெப்பரை முதலில் பாருங்கள். அப்புறம், வெல்டிங் ஷெட்யூல் (கரண்ட், நேரம், விசை ஆகியவற்றின் செட்டிங்) எண் அந்தத் தகட்டுக்குரியதுதானா என்று பாருங்கள். புது மாடல் லைனுக்கு வந்த முதல் வாரங்களில் இரண்டு தகட்டு ஸ்பாட்டுக்கு மூன்று தகட்டின் ஷெட்யூல் போய்க்கொண்டிருக்கும்.

பொறி பறப்பதை நிறுத்துவதற்காகக் கரண்ட்டைக் குறைத்துவிடாதீர்கள். பொறி நிற்கும். ஸ்பாட்டும் ஒட்டாது. கரண்ட், நேரம், விசை மூன்றையும் மாற்றும் அதிகாரம் வெல்டிங் இன்ஜினியருக்கு உரியது. மாற்றினால் உளிச் சோதனையோடுதான் மாற்ற வேண்டும். ஒட்டாத ஸ்பாட்டோடு வெளியே போகும் காரில் ஒரு குடும்பம் உட்காரப்போகிறது.

## அறிகுறி: டிப் தகட்டில் ஒட்டிக்கொண்டது

முதலில் விடுவிக்கும் முறை. கன் ஒட்டியிருக்கும்போது ரோபோவை ஜாக் செய்து (பெண்டன்ட்டால் அசைத்து) இழுக்கக் கூடாது. கன்னைத் திறக்க மேனுவலாகக் கட்டளை கொடுங்கள். திறக்கவில்லை என்றால் பூட்டுப் போட்டு உள்ளே போய், கேப்பை ரெஞ்சால் மெதுவாகத் திருகுங்கள். சுத்தியல் வேண்டாம், ஷேங்க் வளைந்துவிடும். பிறகு ஸ்பாட் இடம் மாறி விழும் பிரச்சினை புதிதாகத் தொடங்கும்.

காரணங்களில் கேப்பைக் குளிர்விக்கும் தண்ணீருக்குத்தான் முதலிடம், அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள். தண்ணீர் சரி என்றால் கேப்பின் முகம், அதுவும் சரி என்றால் கரண்ட் நின்ற பிறகு அழுத்திப் பிடிக்கும் நேரம் குறைந்திருக்கிறதா என்று ஷெட்யூலில் பாருங்கள்.

## அறிகுறி: தண்ணீர் அலாரம்

ஒரு டிப்புக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் என்பது பரவலான கீழ்வரம்பு. ஃப்ளோ மீட்டர் அதற்குக் கீழே காட்டினால்:

கேப் மாற்றியபின் வால்வைத் திறந்தார்களா? இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், இதுதான் அடிக்கடி நடக்கிறது. அடுத்து ஹோஸ் எங்காவது மடிந்திருக்கிறதா? கை ஒரு குறிப்பிட்ட நிலைக்குப் போகும்போது மட்டும் அலாரம் வந்தால் மணிக்கட்டுப் பக்கம் ஹோஸ் மடிகிறது. அடுத்து ஃபில்டர். போர் தண்ணீரை நிரப்பும் பழக்கம் இருந்தால் உப்புப் படிவு சுண்ணாம்பாக அடைக்கும். டிஎம் தண்ணீரைத்தான் (உப்பு நீக்கிய நீர்) ஊற்ற வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கேப் மட்டும் கொதித்தால் ஷேங்க்குக்குள் இருக்கும் சின்ன உள்குழாயைப் பாருங்கள். அதன் நுனி கேப்பின் உட்புறத்துக்கு நெருக்கமாகப் போய்த் தண்ணீரைக் கொட்ட வேண்டும். நுனியைச் சாய்வாக வெட்டுவது, கேப்பின் அடியில் முட்டினாலும் வழி அடைபடாமல் இருக்கத்தான். யாரோ நேராக வெட்டியிருப்பார்கள், அல்லது குழாய் குட்டையாகிவிட்டிருக்கும். தண்ணீர் உள்ளே வந்து கேப்பைத் தொடாமலே திரும்பிவிடும். ஃப்ளோ மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், கேப் மட்டும் சிவக்கும். வரத்து ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் மாற்றிப் போட்டாலும் இதே கதைதான்.

சென்னைப் பக்கத்துக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கோடையில் தண்ணீர் சூடாகிறதே என்று சில்லரை (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) 20 டிகிரிக்கும் கீழே இறக்கிவிடுவார்கள். நம் காற்றின் ஈரத்துக்கு அந்தக் குளிர்ந்த குழாய்கள் மேல் நீர் கோத்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரிலும் இன்வெர்ட்டர் பெட்டிக்குள்ளும் அந்த நீர் சொட்டினால் கசிவு அலாரத்தில் தொடங்கி ஷார்ட் வரை போகும். குழாய்மேல் வியர்வை கண்டால் சில்லர் செட்டிங்கை ஏற்றச் சொல்லுங்கள்.

எப்போது கூப்பிட வேண்டும்: தண்ணீர் டிரான்ஸ்பார்மருக்கு உள்ளிருந்தே கசிந்தால். அது மாற்ற வேண்டியது, அடைக்க வேண்டியதில்லை.

## அறிகுறி: ரோபோ கிளம்பவே இல்லை

சத்தமில்லை, அசைவில்லை, பெண்டன்ட்டில் மட்டும் ஒரு வரி. ஃபனுக் ரோபோ என்றால் அந்த எண்ணே இடத்தைச் சொல்லிவிடும். எஸ்ஆர்விஓ-001 (திரையில் SRVO-001) பேனல் அவசர நிறுத்தம், 002 பெண்டன்ட்டில் உள்ளது, 003 பெண்டன்ட்டின் பின்புற சுவிட்ச், 004 வேலிக் கதவு, 007 வெளியிலிருந்து வரும் அவசர நிறுத்தம். மற்ற கம்பெனி ரோபோக்களில் எண் வேறு, விஷயம் ஒன்றுதான்.

ஸ்டேஷனைச் சுற்றி நடந்து ஒவ்வொரு சிவப்புப் பொத்தானையும் திருகி விடுங்கள். கன்வேயரின் அந்தப் பக்கம் இருப்பதையும் சேர்த்து. கதவு மூடியிருப்பதாகத் தெரிந்தாலும் ஒரு முறை திறந்து நன்றாக மூடுங்கள். லைட் கர்ட்டன் கண்ணாடியில் பொறித் தூசி படிந்திருந்தால் மெல்லிய துணியால் துடையுங்கள். ரீசெட்டுக்கு ஒரு வரிசை உண்டு. கதவு, பிறகு கதவோரப் பொத்தான், பிறகு மெயின் பேனல். வரிசை தப்பினால் ஏற்காது.

எஸ்ஆர்விஓ-230, 231 வந்தால் கதை வேறு. பாதுகாப்புச் சங்கிலி இரண்டு தடமாக ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து திறந்து சேர்ந்து மூட வேண்டும். ஒன்று மட்டும் திறந்தால் இந்த அலாரம். கதவு சுவிட்சின் ஒரு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு வயர் தளர்ந்திருக்கலாம், சேஃப்டி ரிலே போயிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இதை ரீசெட் செய்வதும், ஜம்பர் வயர் போட்டு ஓட்டுவதும் ஒன்றுதான்.

எப்போது கூப்பிட வேண்டும்: இந்த இரண்டு எண்களில் ஒன்று வந்து, சுவிட்சும் வயரும் நன்றாக இருந்தால் உடனே கூப்பிடுங்கள். எந்தச் சூபர்வைசர் கேட்டாலும் ஜம்பர் போடாதீர்கள்.

## அறிகுறி: பார்ட் இருக்கிறது, ரோபோ இல்லை என்கிறது

பிராக்ஸிமிட்டி சென்சாரின் (பார்ட் அருகில் இருப்பதை உணரும் சென்சார்) பின்னால் உள்ள விளக்கைப் பாருங்கள்.

விளக்கு எரியவில்லை என்றால், பேனல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சென்சார் தள்ளிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சென்சார்களுக்கு எட்டும் தூரம் சில மில்லிமீட்டர்தான். ஒரு ஸ்பேனரை முகத்தருகே கொண்டு போனால் எரிகிறதா? எரிந்தால் சென்சார் நன்று, பேனலோ பிராக்கெட்டோ தப்பு. எரியாவிட்டால் கேபிள், பிறகு சென்சார்.

விளக்கு எரிகிறது, பிஎல்சி-க்கு (லைனை இயக்கும் கன்ட்ரோலர்) தெரியவில்லை என்றால் நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸும் கனெக்டரும்.

பார்ட்டை எடுத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் முகத்தில் பொறி ஒட்டியிருக்கிறது. சுரண்டி எடுங்கள், ஆனால் கூர்மையான கருவியால் முகப் பூச்சைக் கிழிக்காதீர்கள். பூச்சு போனால் பொறி இன்னும் வேகமாக ஒட்டும்.

வெல்டிங் கரண்ட் பாயும் அந்தக் கணத்தில் மட்டும் சிக்னல் துடித்தால் காந்தப்புலத்தின் வேலை. கிளாம்ப் சிலிண்டரில் சாதாரண ரீட் சுவிட்சை (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். வெல்டிங் புலத்தைத் தாங்கும் வகையை வாங்கிப் போட்டால் தீர்ந்தது. டைமரை நீட்டி மறைக்கும் வைத்தியம் நிலைக்காது.

## அறிகுறி: ஸ்பாட் இடம் மாறி விழுகிறது

புரோகிராமைத் திறந்து பொசிஷனைத் திருத்த எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். நிறுத்துங்கள். எது மாறியது என்று முதலில் பாருங்கள்.

ஒரே ஒரு ஸ்பாட்: யாரோ டச்-அப் செய்திருக்கிறார்கள், அதாவது பொசிஷனைத் திருத்தியிருக்கிறார்கள். பேக்கப்போடு ஒப்பிட்டுப் பழைய எண்ணைக் கொண்டு வாருங்கள்.

ஒரு ரோபோவின் எல்லா ஸ்பாட்டும், ஒரே பக்கமாக: கன்னில் அல்லது ரோபோவில் மாற்றம். ஷேங்க் வளைந்ததா? கன்னைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்ததா? ஊசிமுனைக் குறிக்கு டிப்பைக் கொண்டு போய்ப் பாருங்கள். தள்ளி நின்றால் டிப்பின் பொசிஷன் மாறிவிட்டது. ஷேங்க்கை மாற்றினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதுவும் நேராக இருந்தால் மாஸ்டரிங் (அச்சுகளின் பூஜ்ய நிலையை ரோபோவுக்குப் பதிவது), அது பின்னால் வருகிறது.

ஒரு ஸ்டேஷனில் எல்லா ரோபோவும்: பிக்சர். ரோபோக்களைத் தொடாதீர்கள். பேனலைப் பிடிக்கும் லொகேட்டிங் பின் தேய்ந்திருக்கும், அல்லது கிளாம்ப் பிளாக்கில் ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) நழுவியிருக்கும். பின்னின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளங்கள்.

ஒரே பேனல் மட்டும், எந்த ஸ்டேஷனிலும்: பிரஸ் ஷாப்பிலிருந்து வந்த அந்த லாட். பழைய லாட்டின் பேனலைப் போட்டுப் பார்த்தால் உறுதியாகும்.

இதைத் தலைகீழாகச் செய்தால் சேதம் வாரக்கணக்கில் தொடரும். பின் தேய்ந்ததற்கு நான்கு ரோபோவின் புரோகிராமையும் திருத்தியிருப்பார்கள். பின்னை மாற்றிய நாளில் நான்கும் மறுபடி தப்பாகிவிடும்.

எப்போது கூப்பிட வேண்டும்: பின், பிளாக், ஷேங்க் எல்லாம் அளவில் இருந்தும் தள்ளினால், பிக்சரை லேசர் டிராக்கரோ சிஎம்எம்-மோ (முப்பரிமாண அளவு இயந்திரம்) வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: மோதல் அலாரம், மோதியதாகத் தெரியவில்லை

ஃபனுக்கில் இது எஸ்ஆர்விஓ-050. மோட்டார் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உழைத்தால் ரோபோ நின்றுவிடும். டிப் ஒட்டிக்கொண்டதா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான். அடுத்து டிரெஸ் பேக், அதாவது கையோடு போகும் கேபிள், ஹோஸ் கட்டு. அது எங்காவது மாட்டி இழுக்கிறதா? கன்னை வேறு வகைக்கு மாற்றியிருந்தால் பேலோடு (ரோபோ தாங்கும் எடை) எண்ணும் மாற்றப்பட்டதா? எடைக் கணக்கு தப்பாக இருந்தால் ரோபோ காற்றிலேயே மோதியதாக நினைக்கும்.

இவை எதுவும் இல்லை, ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வருகிறது, மோட்டார் தொட முடியாத சூட்டில் இருக்கிறது என்றால் பிரேக் முழுவதும் விடவில்லை, அல்லது ரெடியூசர் (மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் கியர் பெட்டி) இறுகுகிறது. உணர்திறனைக் குறைத்து ஓட்டாமல் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி: பேட்டரி அலாரம், அல்லது இருக்கும் இடத்தையே ரோபோ மறந்துவிட்டது

எஸ்ஆர்விஓ-065 வந்தால் பேட்டரி தளர்கிறது, இன்னும் உயிர் இருக்கிறது. அந்த ஷிப்டிலேயே மாற்றுங்கள். கன்ட்ரோலர் பவர் ஆனில் இருக்க, அவசர நிறுத்தம் அமுக்கியிருக்க மாற்ற வேண்டும். பவரை அணைத்துவிட்டுப் பழைய பேட்டரியைக் கழற்றினால் நினைவு போய்விடும். நீண்ட விடுமுறைக்கு முன்னால், பொங்கலோ தீபாவளியோ, எல்லா ரோபோவிலும் பேட்டரியைச் சரிபார்த்துவிடுங்கள். திரும்பி வந்து பவர் போடும் காலையில்தான் இந்தப் பழுது வரிசையாக வரும்.

எஸ்ஆர்விஓ-062 வந்துவிட்டால் தாமதம் ஆகிவிட்டது. புது பேட்டரி போட்டு, மாஸ்டர்/கேல் திரையில் பல்ஸ்கோடர் (அச்சின் நிலையை அளக்கும் சென்சார்) அலாரத்தை ரீசெட் செய்து, பவரை அணைத்துப் போடுங்கள். இப்போது 075 வரும். பயப்பட வேண்டாம். அந்த அச்சை டீச் மோடில் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ரீசெட் செய்தால் அது போகும். அதன் பிறகு மாஸ்டரிங். முன்பே ரெஃபரன்ஸ் நிலையைப் பதிவு செய்து வைத்திருந்தால் க்விக் மாஸ்டர் போதும். இல்லை என்றால் அச்சுகளின் குறிக்கோடுகளை ஒட்டிச் செய்வது தற்காலிகம்தான், ஸ்பாட் சில மில்லிமீட்டர் தள்ளலாம். ஏபிபி-யில் ரெவல்யூஷன் கவுண்டரைப் புதுப்பிக்க வேண்டும், கூக்காவில் அதற்கென்ற அளவுக் கருவி உண்டு.

மாஸ்டரிங் முடிந்ததும் நேரே ஆட்டோவில் ஓட்டாதீர்கள். குறைந்த வேகத்தில், பேனல் இல்லாமல், ஸ்பாட் ஸ்பாட்டாக ஒரு சுற்று. அடுத்து ஒரு பேனலோடு.

எப்போது கூப்பிட வேண்டும்: மாஸ்டரிங்கை முன்பு செய்து பழகியவர் ஷிப்டில் இல்லை என்றால் கூப்பிடுங்கள். தப்பான பூஜ்யத்தோடு ஓடும் ரோபோ பிக்சரையே பெயர்த்துவிடும்.

## அறிகுறி: வந்து வந்து போகும் தொடர்பு அலாரம்

நாளுக்கு ஓரிரு முறை, ரீசெட் செய்தால் போய்விடும். நீங்கள் எழுதிவைத்த மூன்றாவது குறிப்பு இங்கே கைகொடுக்கும். நின்றபோதெல்லாம் கை ஒரே நிலையில்தான் இருந்ததா? ஆம் என்றால் அந்த நிலையில் வளையும் கேபிளுக்குள் ஒரு வயர் முறிந்திருக்கிறது. பெரும்பாலும் மணிக்கட்டுக்குப் பக்கத்தில். அந்த கேபிளை மட்டும் மாற்றுங்கள், போர்டுக்குப் போக வேண்டாம்.

நிலைக்கும் அலாரத்துக்கும் தொடர்பே இல்லை என்றால் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்னில் தண்ணீரோ பச்சைப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். டிவைஸ்நெட் (கருவிகளை இணைக்கும் தொடர்பு வலை) லைன் என்றால், எல்லாப் பவரையும் அணைத்து வெள்ளை, நீல வயர்களுக்கு நடுவில் ஓம் பாருங்கள். 60-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (லைனின் முனையில் போடும் ரெசிஸ்டர்) இல்லை. 60-க்கும் நன்றாகக் கீழே வந்தால் யாரோ கூடுதலாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், அல்லது லைன் எங்கோ ஷார்ட்.

## அறிகுறி: சத்தம், அதிர்வு, கிரீஸ் கசிவு

இங்கே உங்கள் வேலை கவனித்துச் சொல்வது மட்டும்தான். எந்த அச்சில், எந்தத் திசையில், எந்த வேகத்தில் சத்தம் என்று எழுதுங்கள். பவரை அணைத்ததும் கை மெதுவாகத் தாழ்கிறதா? பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். தாழ்ந்தால் பிரேக் தேய்ந்துவிட்டது, அந்த ரோபோவின் கீழே யாரும் போகக் கூடாது.

ஃபனுக் ஆர்-2000 போன்ற பெரிய ரோபோக்களின் ரெடியூசர் கிரீஸுக்கு 3 ஆண்டு அல்லது 11,520 மணி நேரம் என்று கெடு உண்டு, எது முதலில் வருகிறதோ அது. கிரீஸ் மாற்றும்போது வெளியேறும் வழியைத் திறக்காமல் பம்ப் அடித்தால் சீல் பிதுங்கிவிடும். கசிவுக்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம். பழைய கிரீஸில் மினுமினுக்கும் இரும்புத் தூள் தெரிந்தால் கொஞ்சம் எடுத்து வையுங்கள், வருகிறவர் கேட்பார்.

இரண்டாவது, மூன்றாவது அச்சின் மோட்டாரைக் கழற்றினால் பிரேக்கும் கூடவே போய்விடும், கை விழும். தாங்கு கட்டை, கிரேன் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. கையின் எடையைத் தாங்க உதவும் பாலன்சரின் உள்ளே ஸ்பிரிங்கோ வாயுவோ அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, அதை ஆலைக்குள் யாரும் திறக்க வேண்டாம்.

சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் செய்யும்போது ரோபோ மாடல், கன்ட்ரோலர் வகை, முதலில் வந்த அலாரம் எண், ஸ்பாட் எண், கடைசியாக மாற்றிய பாகம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். சரியான ஸ்பேரோடு வருவார். அவர் வருவதற்குள் கன்ட்ரோலரின் முழு பேக்கப்பை எடுத்து, ரோபோவின் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். மாஸ்டரிங் எண்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி கன்ட்ரோலர் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.